லாரிக்கு அடியில் ஓர் எண்ணெய்க் கிணறு

சென்னைக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவில், எங்கள் கிள்ளானில், என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புடவைப் பட்டியல் கொடுத்தார்கள். நான் போனதோ எண்ணெய் முகர்ந்து பார்க்க. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் எண்ணெய் கலந்து டப்பாவில் அடைக்கிற ஒரு சின்ன ஆலையில் நான் கெமிஸ்ட். வெளியிலிருந்து வாங்குகிற எண்ணெய் நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. தி.நகர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தேன். அந்தக் கோபம் என் அண்ணிக்கு இன்னும் தீரவில்லை.

விஷயம் இதுதான். திருவொற்றியூரிலிருந்து யூனுஸ் என்று ஒருவர் எங்களுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் அனுப்பியிருந்தார். லாரிகளிலும் பஸ்களிலும் வடித்து எடுத்த பழைய கறுப்பு எண்ணெயைக் காய்ச்சி, வடித்து, மறுபடி புது எண்ணெயாக்குகிற தொழில் அவருக்கு. வந்த மாதிரி எண்ணெய், பால் விடாத தேநீர் போல அத்தனை தெளிவாக இருந்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது. என் மேலாளர் ஓங் ஒரு சீனர், எளிதில் எதையும் மெச்ச மாட்டார். அவரே பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். முதல் தர எண்ணெயாக மாதாமாதம் வாங்கலாம், ஆனால் யாராவது நேரில் போய்ப் பார்த்து, அங்கிருக்கும் டேங்கிலிருந்து தன் கையால் மாதிரி எடுத்து வரவேண்டும் என்றார். அந்த யாராவது நான்தான்.

முதல் நாள் ராயபுரத்தில் ஒரு விடுதி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள். எங்கள் ஊரிலும் அதே கிரேன், அதே சிவப்பு விளக்கு. இத்தனை தூரம் வந்து இதைத்தான் பார்க்கவேண்டுமா என்று சலிப்பாக இருந்தது. கீழே இறங்கி நடந்ததும் சலிப்பு போய்விட்டது. சாலையில் பாதி கடை, மீதியில் பாதி ஆட்டோ, எஞ்சிய இடத்தில் ஜனங்கள் யாரும் யாரையும் இடிக்காமல் போகிறார்கள். எப்படி என்பது எனக்கு நான்கு நாளும் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வண்டிக்கார அம்மா என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

“எந்த ஊரு நீ?”

“மலேசியா.”

“அப்போ காரம் கம்மியாப் போடட்டா?”

எங்கள் ஊர் லக்சா நூடுல்ஸின் காரத்தில் வளர்ந்த நாக்கு இது, வழக்கம்போலவே போடுங்கள் என்றேன். அந்த வீம்புக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அந்த அம்மா கேட்காமலே இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினார்.

இரண்டாம் நாள் காலை யூனுஸ் பாய் தாமே ஆட்டோவோடு வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, வெள்ளைச் சட்டை, மருதாணி ஏறிய தாடி. முதல் காரியமாக விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார். பெயருக்குக் கீழே ‘இண்டிபெண்டன்ட் ஆயில் புரொடியூசர்’ என்று அச்சடித்திருந்தது. நான் சிரிப்பை அடக்கியதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாமா சிரிக்கிற? பெரிய கம்பெனிக்காரன் கடலத் தோண்டி எடுக்குறான். நான் லாரிக்கு அடியில பட்த்து எடுக்குறேன். ரெண்டும் எண்ணெதான?”

எனக்கு அவரை அங்கேயே பிடித்துப் போயிற்று. பின்னால் நடந்ததை யோசித்தால், பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ராயபுரத்திலிருந்து அவருடைய ஆலைக்கு அரை மணி நேரப் பயணம் என்றார். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் சாலையோரம் முழுக்க நின்றன. எங்கள் ஆட்டோ இரண்டு டிரெய்லருக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு நீலக் கன்டெய்னர், பின்னால் ஒரு சிவப்புக் கன்டெய்னர். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ வாங்கி வந்தார்.

“ஒரே பேஜாரு பாய். ஹார்பர் கேட்டுல எதோ மிசினு நின்னுப் பூட்ச்சாம்.”

“உடு மாமு. இன்னா அவசரம், எண்ணெ கெட்டா பூடும்?” என்றார் பாய்.

எங்கள் ஊரில் இப்படி நின்றால் ஹாரன் அடிக்காமல் உள்ளுக்குள் பொருமுவோம். இங்கே விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள், முகத்தில் கோபமே இல்லை. அந்த இரண்டு கன்டெய்னருக்கு நடுவில்தான் பாய் தன் கதையைச் சொன்னார்.

தண்டையார்பேட்டையில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாய்க்கு மூட்டை பிடிக்கவில்லை. ஒரு மூன்று சக்கர வண்டியில் இரண்டு டிரம்மை ஏற்றிக்கொண்டு, லாரி ஷெட் ஷெட்டாகப் போய், மெக்கானிக்குகள் சாக்கடையில் கொட்டும் பழைய எண்ணெயைக் கேட்டு வாங்கினார். அதைச் செங்கல் சூளைக்கு எரிக்க விற்றார். பிறகு மணலியில் பழைய எண்ணெய் காய்ச்சும் ஓர் ஆலையில் கொப்பரை ஆளாகச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் இருந்தார். அங்கே வேலை கற்றுக்கொண்டு, வியாசர்பாடி பழைய இரும்புக் கடையில் ஒரு பாய்லரை வாங்கித் தன் கொப்பரையாக மாற்றினார்.

“அப்பல்லாம் ஆசிட்டு ஊத்தித்தான் எண்ணெய வெளுப்போம்,” என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைவரை வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. “கலீஜ் புடிச்ச வேல. ஆசிட்டு கலந்த சேற எங்க கொட்றதுன்னே தெரியாது. சுத்தி கீறவங்க சண்டைக்கு வந்தாங்கோ. ஆபீசருங்க வந்து பூட்டுப் போட்டாங்கோ. எட்டு மாசம் மூடிக் கெடந்திச்சி. நல்லதுக்குத்தான் பூட்னாங்கன்னு இப்ப சொல்றேன். அன்னிக்கு எனக்கு வந்த கோவம் கீதே!”

அந்த எட்டு மாதத்தில் குஜராத் வரைக்கும் ரயிலில் போய், ஆசிட் இல்லாமல் காய்ச்சும் முறையைப் பார்த்து வந்தாராம். கொப்பரைக்குள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டால், எண்ணெய் கருகாமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி வடியும். புத்தகத்தில் நான் மூன்று வருஷம் படித்ததை அவர் மூன்றே வாக்கியத்தில் சொல்லிமுடித்தார்.

“இப்ப நெலம இன்னான்னா,” என்று முன்னால் நின்ற நீலக் கன்டெய்னரைக் காட்டினார். “இத்த நிறுத்த எடம் வோணுமாம். என் எடத்தக் கேட்டுகினே கீறான் ஒர்த்தன். மாசக் கடசில பதில் சொல்லணும். உங்க ஆர்டரு வந்தா கொப்பர எரியும். இல்லன்னா கன்டெய்னருதான் நிக்கும். பதினாலு பேர் வேல பாக்குறாங்கோ. நான் யாராண்டயும் கைகட்டி நின்னதில்லமா. இந்த ஒரு ஆர்டருக்குத்தான் மனசு அட்ச்சிக்குது.”

என்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். சோதிக்கப் போகிறவளுக்குத் தெரியக்கூடாத விஷயங்களில் இது முதலாவது.

ஆலை சின்னதுதான், ஆனால் துப்புரவாக இருந்தது. தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. வரும் டிரம்களை இனம்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார், லாரி எண்ணெய் ஒரு பக்கம், பஸ் எண்ணெய் ஒரு பக்கம். கொப்பரையைப் பார்த்துக்கொள்ளும் டில்லி என்பவரை அறிமுகம் செய்தார். வியாசர்பாடிக்காரர், நாற்பது வயது, ஒரு காலத்தில் நல்ல கால்பந்தாட்டக்காரராம். இடது முட்டி போனதும் இங்கே வந்தவர்.

டேங்கிலிருந்து மாதிரி எடுக்கலாமா என்று கேட்டேன். முதலில் டீ என்றார் பாய். டீ குடித்த பிறகு கேட்டேன். தொழுதுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். வந்த பிறகு கேட்டேன். வீட்டிலிருந்து பிரியாணி வந்துவிட்டது, ஆறிவிடும் என்றார். பிரியாணியும் தால்ச்சாவும் கத்திரிக்காயும் அத்தனை ருசி. எங்கள் ஊரில் பிரியாணி என்ற பெயரில் விற்பதற்கு ஒரு வழக்குப் போடலாம். அந்த ருசியில், இந்த மனிதர் ஏன் நாளைக் கடத்துகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் பாய்க்கு ஒரு போன் வந்து வெளியே போனார். நான் டில்லியிடம் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் அதைக் கயிற்றில் கட்டி டேங்குக்குள் இறக்கி, நடு ஆழத்திலிருந்து எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் பிடித்தேன். தேநீர் நிறம் இல்லை. கருப்பட்டிக் காப்பி நிறம்.

“இது வேற டேங்கா?” என்றேன்.

“இல்லமா. இருக்கிறதே இந்த ஒரு டேங்க்குதான்.”

“எங்களுக்கு வந்தது வெளிர் நிறமாக இருந்ததே?”

டில்லியின் முகம் மலர்ந்தது. “அதுவா! அத்த பாய் தனியாக் காச்சினாரு. சின்ன சட்டி ஒண்ணு கீது, தோ பாரு. மெதுவா, சொட்டு சொட்டா வடிச்சாரு. ரெண்டு நாளு வூட்டுக்கே போவல. மலேசியாக்கு போவுதுடா, நம்ம பேரு கீது இதுலன்னு சொல்லிகினே இருந்தாரு. சோக்கா வந்திச்சில்ல?”

அவர் பெருமையாகச் சொன்னார். அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் மாதிரி என்றால் ஒரு வாக்கு. என்னிடம் உள்ளது இதுதான், நாளைக்கு டேங்கர் நிறைய வரப்போவதும் இதுதான் என்று அர்த்தம். தனியாகக் காய்ச்சிய மாதிரிக்கு ஏமாற்று என்று பெயர். பாய் திரும்பி வந்து என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். டில்லியைப் பார்த்தார். டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“வூட்டுக்கு வர்றவங்களுக்கு அடி சோத்தப் போடுவாங்களாமா?” என்றார். “மேலாப்புல கீற நல்ல கறியத்தான வெப்போம்? ஏமாத்தணும்னு செய்யல. என்னால இன்னா முடியும்னு காட்டணும்னு செஞ்சேன்.”

“பெரிய கொப்பரையில் அதே மாதிரி காய்ச்ச முடியுமா?”

எழுந்து போய்க் கொப்பரையின் பம்பு மேல் கை வைத்தார். முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்ப விரும்பியிருப்பேன்.

“முடியாதுமா. பம்பு பழசு. கொஞ்சம் கருகத்தான் செய்யும்.”

எனக்கு அவர்மேல் வந்த கோபம் பெரிது. பிடிக்காத ஆள் ஏமாற்றியிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு திருவொற்றியூர்த் தேரடிவரை ஷேர் ஆட்டோவில் போய், மெட்ரோ பிடித்தேன். ரயில் குளுகுளுவென்று, எங்கள் கோலாலம்பூர் ரயில் மாதிரியே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். எண்ணெய் வாசனை என்மேல்தான் அடித்தது.

மூன்றாம் நாள் காலை, தூக்கம் வராததால் காசிமேட்டுக்கு நடந்தேன். மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு விசைப்படகில் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். பழசை யார் எடுத்துக்கொள்வார் என்று, சும்மா, கேட்டேன். யூனுஸ் பாயைத் தெரியுமா என்றும் கேட்டுவைத்தேன்.

“பாயா? நம்ம எண்ணெய அவரு தொடமாட்டாரு,” என்று சிரித்தார் படகுக்காரர். “உப்புத்தண்ணி கலந்து கீதுன்னு திருப்பி அனுப்பிருவாரு. மத்தவங்கல்லாம் வாங்கிகினு போறாங்கோ. இவரு ஒர்த்தருதான் டிரம்முக்குள்ள விரல உட்டு நக்கிப் பாப்பாரு.”

உடனே விடுதிக்குத் திரும்பினேன். கொண்டுவந்த சின்னக் கருவிகளை மேசையில் பரப்பி, டேங்க் எண்ணெயை ஒழுங்காகச் சோதித்தேன். சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் இருந்தால் சடசடக்கும், சத்தமே இல்லை. வழவழப்பு சரியாக இருந்தது. மை ஒற்றும் காகிதத்தில் விட்ட சொட்டு, நடுவில் அழுக்கின் கறுப்புப் புள்ளி வைக்காமல் சீராகப் பரவியது. நிறம் ஒன்றுதான் குறை. எஞ்சின் எண்ணெய்க்கு ஆகாது. ஆனால் சங்கிலிக்கும் பம்புக்கும் இயந்திரங்களுக்கும் போடுகிற எங்கள் இரண்டாம் தர எண்ணெய்க்கு இதைவிட நல்ல சரக்கு நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நிறம் காய்ச்சுகிற தடவைக்குத் தடவை மாறும் என்று ஒரு வரி எழுதினால் போதும், முதல் தரமாகவே போய்விடும். ஓங் கேள்வி கேட்கமாட்டார், என் வார்த்தையை அவர் சந்தேகித்ததில்லை. அந்த வரியை எழுதினேன். படித்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். என் இருபத்திரண்டு வருஷத்தில் நான் சம்பாதித்தது அந்தச் சந்தேகப்படாத ஒரு மனிதரைத்தான். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மாதிரி தனியாகக் காய்ச்சப்பட்டது, டேங்க் எண்ணெய் முதல் தரம் இல்லை, இரண்டாம் தரத்துக்கு மிக நன்று, வாங்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். அனுப்பிய பிறகு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நான்காம் நாள், நான் கிளம்பும்போது பாய் விடுதி வாசலில் நின்றார். கையில் ஒரு புது பாட்டில். மூடியை மெழுகு வைத்து அடைத்து, தாள் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். உள்ளே அதே காப்பி நிறம்.

“டேங்க்குல கீறது இதான்மா. இத்த எடுத்துகினு போ. என்னாண்ட கீறது இதுன்னு சொல்லு.”

எண்ணெய்ப் பாட்டிலை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள், கூரியரில் அனுப்பவேண்டும் என்றேன். என்னோடு கூரியர் கடைவரை நடந்து வந்து, படிவத்தைத் தாமே நிரப்பினார். ஆட்டோவில் ஏறும்போது, “நான் செஞ்சது தப்புதான். மனசுல வெச்சிக்காத,” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிள்ளானில் ஓங் என் அறிக்கையை முழுவதும் படித்தார். பாட்டில் வந்ததும் அதையும் பார்த்தார். நான் இரண்டாம் தரத்துக்காக அரை மணி நேரம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: “மாதிரியில் ஒன்றைக் காட்டியவர் டேங்கரில் வேறொன்றை ஏற்றமாட்டார் என்று நீ எனக்கு எழுதித் தருவாயா? முதலிலேயே இந்தக் கறுப்புப் பாட்டிலை அனுப்பியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன்.” எழுதித் தர எனக்குத் தைரியம் வரவில்லை.

வேண்டாம் என்ற மின்னஞ்சல் ஆபீஸிலிருந்து பாய்க்குப் போய்விட்டது. இருந்தாலும் நான் மாதக் கடைசியில் பாயைப் போனில் அழைத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

“பாத்தேன்மா. கன்டெய்னர்காரனுக்கு இன்னிக்குக் காலீல சரின்னு சொல்லிட்டேன். டில்லிக்கு மணலில ஒரு எடத்துல சொல்லி வெச்சிக்கீறேன். மத்தவங்களுக்கும் பாத்துகினு கீறேன். நீ கவலப்படாத.” பிறகு கேட்டார்: “ஒண்ணு மட்டும் மெய்யாலுமே சொல்லு. எங்க எண்ணெ கெட்ட எண்ணெயா?”

இதற்கு ஒரு பாதிப் பதில் சொல்லித் தப்பியிருக்கலாம். மனிதர் உண்மையைக் கேட்கிறார், நானும் உண்மை சொல்லித்தான் இத்தனையும் நடந்திருக்கிறது.

“இல்லை பாய். ரொம்ப நல்ல எண்ணெய். முதல் தடவையே டேங்கில் இருந்ததை அனுப்பியிருந்தால் வாங்கியிருப்பார்கள்.”

அந்தப் பக்கம் யாரோ டிரம்மை உருட்டிப்போகும் சத்தம் கேட்டது.

“முப்பது வருசமா நான்தான காச்சறேன்,” என்றார் பாய். “டேங்க்குல கீறதே போதும்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சேமா.”